12 மில்லிமீற்றர் என்று எழுதிய பொய்

நேற்றுக் காலை மட்டக்களப்புக் கொக்கட்டிச்சோலையில் ஒரு சைக்கிள் பூட்டோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மல்லுக்கட்டினேன். என்னுடைய சொந்தப் பூட்டு. திறப்பும் என் கையில்தான் இருந்தது. உள்ளே விட்ட திறப்பு திரும்பவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். பாதித் திறப்பு உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது, மீதி என் விரலில். சைக்கிள் தேத்தண்ணிக்கடை வாசல் தூணோடு கட்டுண்டு கிடக்கிறது, வெயில் ஏறுகிறது, வீட்டில் இருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. ஊசி கேட்டு வாங்கிக் குத்திப் பார்த்தேன், எண்ணெய் விட்டுப் பார்த்தேன், கல்லால் தட்டியும் பார்த்தேன். அசையவில்லை.

எதிரில் ரயர் ஒட்டும் கடை வைத்திருக்கும் ஐயா ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து வந்தார். கையில் பிடி தேய்ந்த ஒரு பழைய குறடு. “தள்ளுங்க மனே” என்றார். நாலு கடி. நான் எண்ணினேன், நாலே நாலு. பூட்டு இரண்டாகத் தொங்கியது. “இது பூட்டில்ல மனே, கயிறு. மறுகாவும் இதையே வாங்கிராதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கள்ளனுக்கு நாலு கடி, சொந்தக்காரனுக்கு ஒரு மணித்தியாலம்! இதற்கா நான் காசு கொடுத்தேன்?

வெட்டுப்பட்ட முனையைப் பிடித்துப் பார்த்தேன். வெளியில் சுண்டுவிரல் தடிப்பில் கறுப்புப் பிளாஸ்டிக் உறை. அதற்கு நடுவே, பேனையின் மைக்குழாய் அளவுக்கு ஒரு முறுக்குக் கம்பி. அதுவும் ஒற்றைக் கம்பி இல்லை, தலைமயிர் போன்ற நுண்கம்பிகளை முறுக்கியது. குறடு கடித்த இடத்தில் தும்பு தும்பாகப் பிரிந்து நின்றது. உறையைக் கிள்ளினால் நகம் பதிகிறது. வாங்கும்போது அட்டையில் கொட்டை எழுத்தில் 12 மில்லிமீற்றர் என்று போட்டிருந்தது. அந்த 12 பிளாஸ்டிக்கோடு சேர்த்து அளந்த 12. கள்ளன் வெட்டப்போவது பிளாஸ்டிக்கையா? உள்ளே இருக்கும் கம்பி எவ்வளவு என்று அட்டையின் எந்த மூலையிலும் இல்லை. தூக்கிப் பார்த்தால் பாரம் இல்லை, தடவிப் பார்த்தால் தடிப்பு. அதை நம்பித்தான் நானும் வாங்கினேன், என்னைப் போல எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்.

என் தேவை பெரிதல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லடியில் இருந்து வெள்ளன வெளிக்கிட்டு, காத்தான்குடிப் பேரீச்ச மரங்களைத் தாண்டி, ஆரையம்பதி கடந்து, மண்முனைப் பாலத்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போவேன். கொக்கட்டிச்சோலையில் கோயிலடியில் பத்து நிமிடம், தேத்தண்ணிக்கு ஐந்து நிமிடம், திரும்பும் வழியில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்க மூன்று நிமிடம். (2014 இல் அந்தப் பாலம் திறக்கும்வரை பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏற்றித்தான் சைக்கிளை அக்கரைப்படுத்துவோம். பத்துப் பதினைந்து சைக்கிள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். பூட்டு என்ற பேச்சே கிடையாது.) இரவு முழுக்க பஸ் நிலையத்தில் விட்டுவைக்க எனக்குப் பூட்டு வேண்டாம். நான் முதுகைத் திருப்பும் அந்த ஐந்து நிமிடத்தில் எவனும் ஏறி மிதித்துக்கொண்டு போகக் கூடாது, வெறுங்கையோடு வந்தவன் வெறுங்கையோடு போக வேண்டும். அதற்கு முந்நூறு நானூறு கிராமில், சட்டையின் பின் பையில் போடக்கூடிய ஒரு நேர்மையான பூட்டு. இவ்வளவுதான் கேட்கிறேன்.

கிடைக்கிறதா? ரவுணில், புளியந்தீவில் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். ஒரு பக்கம் துணி உறை போட்ட சங்கிலி. தராசில் வைக்கச் சொன்னேன், ஒன்றே முக்கால் கிலோ. சைக்கிளின் பாரத்தைக் குறைக்க நாம் ஒவ்வொரு நூறு கிராமாகப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறோம், பிறகு இதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வாவிக்காற்றுக்கு எதிராக மிதிப்பதா? யூ வடிவப் பூட்டு உண்மையிலேயே நல்ல சாமான், பதப்படுத்திய உருக்கை வெட்டக் கிரைண்டர் வேண்டும். ஆனால் அதுவும் ஒரு கிலோவுக்கு மேல், அது கட்டும் தூணும் மெல்லியதாக இருக்க வேண்டும். மறுபக்கம் முழுவதும் நான் வாங்கிய இனம்தான், சிவப்பிலும் நீலத்திலும் பாம்பு பாம்பாகக் கொழுவிக் கிடக்கிறது. எண் பூட்டும் உண்டு. நாலு எண் என்றால் 10,000 சேர்க்கை என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். மலிவுப் பூட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வளையத்தைத் திருப்பினால் சரியான எண் வரும் இடம் விரலுக்கே தெரிந்துவிடும். பத்தாயிரமாவது மண்ணாங்கட்டியாவது.

ஒரு கடையில் கேட்டேன்: “தம்பி, இதுக்குள்ள கம்பி எத்தனை மில்லிமீற்றர்?”

“12 போட்டிருக்கே அண்ணன்.”

“அது உறையோட. கம்பி மட்டும்?”

“அப்படி ஒருத்தரும் கேக்கிறல்ல அண்ணன்.”

ஒருவரும் கேட்காததால்தானே இதைக் கொண்டுவந்து கொழுவுகிறார்கள்! ஹெல்மெட் வாங்கினால் எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தர முத்திரையைத் தேடிப் பார்க்கிறோம். பிரித்தானியாவில் சோல்ட் செக்யூர் என்ற அமைப்பு பூட்டுகளை உடைத்துப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் கொடுக்கிறது. நெதர்லாந்தில் ஏஆர்டி என்று நட்சத்திரம் போடுகிறார்கள். இங்கே நான் கையில் எடுத்த எந்தச் சைக்கிள் பூட்டிலும் ஒரு முத்திரையும் இல்லை. ‘ஹெவி டியூட்டி’ என்ற எழுத்து மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது.

அப்புறம் அந்தத் துரு. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. துத்தநாகம் கலந்த மலிவு வார்ப்பில் செய்த பூட்டு அந்த உப்புக்காற்றில் எத்தனை மாதம் தாங்கும்? திறப்புத் துவாரத்துக்கு ஒரு மூடிகூட இல்லை. மணலும் உப்பும் நேரே உள்ளே போகிறது. நான் கவனிக்காமல் விட்டவன் என்று யாரும் சொல்ல வேண்டாம், மாதாமாதம் தையல் மெஷின் எண்ணெய் விட்டவன். எண்ணெயே தூசியைப் பிடித்துக் களியாக்கிவிடும், பென்சில் கரியைச் சுரண்டிப் போட்டிருக்க வேண்டும் என்று திறப்பு வெட்டுபவர் இப்போது சொல்கிறார். இதை விற்றவர் சொல்லியிருக்கக் கூடாதா?

“சில்லுப் பூட்டு போதுமே, அப்பா காலத்தில் இருந்து அதுதானே” என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பின் சில்லைப் பூட்டினால் சில்லு சுற்றாது, அவ்வளவுதான். என் மருமகனின் சைக்கிள் ரியூசன் வாசலில் அப்படித்தான் பூட்டி நின்றது. பூட்டியபடியே தூக்கி ஓட்டோவில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை சைக்கிள் நின்ற இடத்திலேயே இருட்டும்வரை நின்றிருக்கிறான், வீட்டுக்கு வரப் பயந்து. 2022 இல் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், ஏறிக் கிடந்த விலையில், அவன் தாய் கைச்செயினை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த சைக்கிள் அது.

இன்னும் ஒன்று: நல்ல பூட்டே கிடைத்தாலும் எதோடு கட்டுவது? ரவுணில் மோட்டார் சைக்கிளுக்குக் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள். சைக்கிளுக்கு ஒரு இரும்புக் குழாயாவது நட்டுவைத்த வங்கி வாசல் ஒன்றை நான் பார்க்கவில்லை. மதிலில் சாய்த்தால் காவலாளி வந்து எடுக்கச் சொல்கிறார். இந்த ஊரில் மீன்காரரும் ஆசிரியரும் கூலிக்குப் போகிறவரும் சைக்கிளில்தான் போய்வந்தார்கள். இன்றும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தூண் இல்லை.

தூண் இல்லாத இடத்தில் நான் செய்வது இதுதான். பின் சில்லையும் சட்டகத்தையும் சேர்த்துப் பூட்டுவேன், ஹெல்மெட் பட்டியை முன் சில்லுக்குள்ளால் விட்டுக் கொழுவுவேன், கியரைக் கடைசிப் பல்லில் விட்டுவைப்பேன். ஏறி மிதித்தால் ஓரடி போக மூச்சு முட்டும். அந்த இரண்டு நிமிடம் எனக்குப் போதும். ஆனால் இதற்கும் நடுவில் ஒரு பூட்டு, பூட்டு என்று சொல்லத்தக்க ஒன்று வேண்டுமே.

நேற்று வரும் வழியில் தயிர் வாங்க நிற்கவில்லை. சைக்கிளை எப்படி விட்டுவிட்டுப் போவது?

வெட்டிய பூட்டு மேசையில் கிடக்கிறது. நாளைக்கு வேலை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போகிறேன். காசைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு மேல் அந்த வெட்டுமுனையை வைத்து, பக்கத்தில் அளவுகோலையும் வைக்கப்போகிறேன். அவர் தன் கண்ணால் பார்த்து எத்தனை மில்லிமீற்றர் என்று வாய் திறந்து சொல்லட்டும்.