குறட்டை விடுகிற பிள்ளை அசந்து தூங்குவதாக நினைக்காதீர்கள்

"படுத்ததும் அசந்துடுவான், குறட்டைகூட விடுவான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அதே பிள்ளையைப் பற்றிப் பள்ளியில் வேறு பேச்சு: ஓரிடத்தில் உட்காருவதில்லை, சொன்னது மண்டையில் ஏறுவதில்லை. ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல், அளவுமீறித் துறுதுறுக்கும் கோளாறு) என்று முத்திரை குத்தும் முன் ராத்திரியை விசாரிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வாயால் மூச்சுவிட்டு, குறட்டை விட்டு, படிப்பில் மந்தமாகும் குழந்தைகளைப் பற்றி வில்லியம் ஹில் என்ற மருத்துவர் 1889-லேயே எழுதிவிட்டார்.

தூக்கம் கெட்டால் பெரியவர்களுக்குக் கண் சொக்கும். சின்னதுகளுக்குப் பெரும்பாலும் ஆட்டம்தான் கூடும். அதனாலேயே யாருக்கும் தூக்கத்தின் மேல் சந்தேகம் வருவதில்லை.

2 முதல் 8 வயதுக்குள் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதையும் தொண்டையின் அளவுக்கு மீறிப் பருத்திருக்கும். தூக்கத்தில் தசை தளர்ந்ததும் வழி அடைபடும், ஆக்சிஜன் இறங்கும், மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கும். பிள்ளை கண் திறக்காது; காலையில் கேட்டாலும் தெரியாது. ஸ்லீப் ஸ்டடியில், அதாவது தூங்கும்போது மூச்சைக் கருவிகளால் பதிவுசெய்யும் சோதனையில், பெரியவர்களுக்கு மணிக்கு 5 மூச்சுத்தடைகளுக்குக் கீழ் இருந்தால் இயல்பு என்று விட்டுவிடுவார்கள். குழந்தைக்கு 1-ஐத் தாண்டினாலே கணக்கில் சேரும்.

பெற்றோர் கோட்டை விடுவது நேரத்தில். இரவு பத்து மணிக்கு எட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் தூங்குறான்" என்பார்கள். குழந்தைகளின் மூச்சுத்தடை கனவுத் தூக்கத்தில்தான் அதிகம், கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். சளி இல்லாத ஒரு நாளில் 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே, சட்டையில்லாமல், முகமும் நெஞ்சும் வயிறும் தெரிய 2, 3 நிமிடம் வீடியோ எடுங்கள். வெளிச்சத்தைவிடச் சத்தம் முக்கியம், ஃபேனை நிறுத்திவிடுங்கள். வாய் திறந்து கழுத்து பின்னால் வளைந்திருக்கிறதா? மூச்சிழுக்கும்போது தொண்டைக் குழி உள்வாங்குகிறதா? வயிறு எழும்பும்போது நெஞ்சு அமுங்குகிறதா? நெஞ்சும் வயிறும் அசைந்துகொண்டே இருக்க, சத்தம் மட்டும் நின்றுபோய், பிறகு திணறலோடு திரும்பினால் அதுதான் அடைப்பு. வாரத்தில் மூன்று இரவாவது குறட்டை, தலையணை நனைய வியர்வை, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது: இவற்றையும் குறித்துக்கொண்டு இஎன்டி மருத்துவரிடம் போங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சரியாகக் காட்டினால் நிம்மதியடைய வேண்டாம். ஆக்சிஜன் இறங்காமலே தூக்கம் துண்டு துண்டாகலாம். டான்சிலின் பருமனும் நம்பகமான அளவுகோல் இல்லை.

ஆனால் "டான்சிலை எடுத்தால் ஏடிஹெச்டி பறந்துவிடும்" என்பவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ள, 5 முதல் 9 வயது வரை 464 பிள்ளைகள். ஏழு மாதத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்களில் 79 சதவீதத்தினருக்கு ஸ்லீப் ஸ்டடி இயல்பானது; காத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்கு ஆனது. பெற்றோர் கண்ட நடத்தை தேறியது. நேரடியாக வைத்த கவனத் தேர்வில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. லேசான தடை என்றால் அவசரப்பட வேண்டாம் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

காத்திருக்கும் காலத்தில் மூக்கு ஸ்ப்ரே கொடுப்பார்கள். வலது மூக்குக்கு இடது கையால், நடுச்சுவரில் படாமல் கண்ணின் வெளிமூலையைப் பார்த்து அடிக்க வேண்டும். நடுவில் அடித்தால் ரத்தம் வரும். கூடவே மான்டிலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா, ஒவ்வாமை மாத்திரை எழுதியிருந்தால் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். எரிச்சல், கெட்ட கனவு, நடத்தை மாற்றம் அந்த மருந்தாலேயே வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் தன் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. மாத்திரை தொடங்கிய பின் ஆட்டம் கூடியிருந்தால், மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.