வெளியே போக மூணு வாசல், உள்ளே வர?

போன வாரம் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகத் தொழிற்கல்விப் பட்டப்படிப்பு ஒன்று தொடங்கப் போகிறார்களாம், பாடத்திட்டக் குழுவுக்குத் தொழில் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமாம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கட்டிங் செக்‌ஷனில் குப்பை கொட்டியவன் என்பதால் என்னைப் பிடித்துவிட்டார்கள். (2019-ல் பிரித்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். என் வாயில் இன்னும் வட ஆற்காடுதான் வருகிறது.)

திரையில் படம் ஓடியது. ஒரு வருஷம் படித்தால் டிப்ளமோ, இரண்டு வருஷத்துக்கு அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றையும் முடித்தால் பி.வோக். என்கிற தொழிற்கல்விப் பட்டம். அறுபது சதவீதம் தொழில் திறன், நாற்பது சதவீதம் பொதுப்பாடம். 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) கொண்டுவந்த ஏற்பாடுதான். "ரொம்ப ஃப்ளெக்ஸிபிள் சார், எப்ப வேணா வெளிய போலாம்" என்றார் ஒரு பேராசிரியர், பெருமையாக.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெளியே போவதற்கு யாரும் வாசல் வைத்துத் தர வேண்டாம். அப்பா படுத்துவிட்டால் போவார்கள், அக்கா கல்யாணக் கடன் கழுத்தை நெரித்தால் போவார்கள். இதுவரை அதற்கு டிஸ்கன்டினியூ என்று பேர். இனி டிப்ளமோ கொடுத்து அனுப்பலாம் என்கிறார்கள். வெறுங்கையோடு போவதற்கு இது எவ்வளவோ தேவலை, சரி. போனவள் நாலு வருஷம் கழித்து வந்து "விட்ட எடத்துலேர்ந்து படிக்கிறேன் சார்" என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிலபஸ் மாறியிருக்கும், ரெகுலேஷன் மாறியிருக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

நான் கேட்டது ஒரு பெண்ணை மனதில் வைத்துத்தான். பி.காம். இரண்டாம் வருஷத்தில் நின்றுவிட்டு எங்கள் செக்‌ஷனுக்கு வந்தவள். எட்டே மாதத்தில் தோலைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். மேசையில் தோலை விரித்ததும் உள்ளங்கையால் ஒருமுறை தடவுவாள். முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுத்தால் இழுபடும். முள் கீறல் எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று சாக்பீஸில் வட்டம் போடுவாள். ஷூவின் முன்பக்கத் துண்டுக்கு முதுகுத் தோல், உள்ளே மறைகிற துண்டுகளுக்கு வயிற்றுத் தோல். இடது கால் துண்டும் வலது கால் துண்டும் பக்கத்துப் பக்கத்தில் வெட்டினால்தான் ஜோடி ஒரே மாதிரி இருக்கும். தோலுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை, அதனால் துண்டு வெட்டுகிற அச்சை, அதாவது டையை, இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். இந்தத் தோலில் இத்தனை ஜோடி, வேஸ்டேஜ் இத்தனை சதவீதம் என்று வெட்டுவதற்கு முன்பே சொல்வாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அவளுக்கு பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் இன்னும் அரியர்!

அவள் திரும்பி வந்தால் அந்த எட்டு மாதத்துக்கு மதிப்பெண் உண்டா? கல்லூரி லேபில் ரெக்சின் துண்டை வெட்டினால் கிரெடிட், கம்பெனியில் நிஜத் தோலை வெட்டியதற்கு ஒன்றுமில்லை என்றால் அது என்ன தொழிற்கல்வி? தேர்வு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தோலை விரித்து மூன்று ஜோடி வெட்டச் சொல்லுங்கள், வேஸ்டேஜ் கணக்கை எழுதச் சொல்லுங்கள். தேறினால் அந்தப் பாடத்தை முடித்ததாகப் போடுங்கள்.

அப்புறம் நேரம். அரசு கலைக் கல்லூரிகளில் முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் என்று பல வருஷம் ஓடியது. மதியம் வகுப்புக்கு வந்த பையன் காலையில் எங்கேயோ வேலை பார்த்துவிட்டுத்தான் வந்தான், ஆசிரியர்களுக்கும் தெரியும். அதைப் பாடத்திட்டத்தோடு சேர்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எக்ஸ்போர்ட் ஆர்டர் குவிகிற மாதத்தில் இன்டர்னல் டெஸ்ட் வைத்தால் வேலை பார்க்கிற பிள்ளை எதை விடும்? படிப்பைத்தான் விடும்.

கூட்டத்தில் ஒரு பெரியவர், "தோல் ஊர்ல தோல் படிப்பா? இதுவும் குலக்கல்வி மாதிரிதானே?" என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த, அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்கிற திட்டத்தை எதிர்த்துத் தமிழ்நாடே கொதித்தது, அடுத்த வருஷம் காமராஜர் வந்துதான் அது போனது. அந்தப் பயம் இந்த மண்ணில் நியாயமான பயம். தோல் வேலையைச் சாதியோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்த ஊர்கள் இவை. முதல் வருஷ வாசலில் யார் வெளியே போவார்கள், மூன்று வருஷமும் யார் உட்கார்ந்து படிப்பார்கள் என்று எனக்கு இப்போதே பேர் சொல்லத் தெரியும்.

அதனால்தான் அந்த நாற்பது சதவீதத்தில் கை வைக்காதீர்கள் என்றேன். இங்கிலீஷும் கணக்கும் தொழிலாளர் சட்டமும் அதில்தான் வரும். மேலே ஏற வழியும் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் லெதர் டெக்னாலஜி பி.டெக். இருக்கிறது. கட்டிங் மேசையிலிருந்து அங்கே போக ஒரு படி வைக்க முடியுமா? முடியாதென்றால் நாம் கொடுப்பது சூப்பர்வைசர் நாற்காலிவரை போகிற சீட்டுதான். நானும் அந்த நாற்காலியில் ரிட்டயர் ஆனவன்தான். தபாலில் படித்த பி.காம். சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது, யாரும் கேட்டதில்லை.

என் யோசனையை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண்ணையும் அழைத்து வரட்டுமா என்றேன். தாராளமாக என்றார்கள். நேற்று வாட்ஸ்அப் வந்தது: கூட்டம் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு. அவளுக்கு அன்று லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறேன். ப்ளூ டிக் விழுந்துவிட்டது.