பிள்ளைகளின் கேலிக்கு ஆதரவாக

செப்டம்பர் 5 வந்துவிட்டால் ஆசிரியர்கள் எல்லோரும் அன்று ஒரு நாள் ஏணியாகவும் தோணியாகவும் மெழுகுவர்த்தியாகவும் மாறிவிடுகிறார்கள். யாரோ எழுதிக் கொடுத்ததை முதல் நாள் இரவு உருப்போட்டு ஒரு பிள்ளை மேடையில் ஒப்பிக்கும். அதே பிள்ளை சாப்பாட்டு இடைவேளையில் மரத்தடியில் உட்கார்ந்து, அதே ஆசிரியரைப் பற்றியும் அவருடைய பாடத்தைப் பற்றியும் சொல்வதை யாராவது எழுதி வைத்தால் கல்வித்துறைக்குச் செலவில்லாமல் ஓர் அறிக்கை கிடைக்கும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளின் கேலியில் இருக்கும் துல்லியம் பெரியவர்களின் ஆய்வுக் கூட்டங்களில் இருப்பதில்லை என்பது என் கட்சி.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு, அக்கா மகன் பத்தாம் வகுப்பு. இருவரும் ஒன்றாகச் சேர்ந்தால் பள்ளிக்கூடம் தலை தப்பாது. நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, படிப்பதுபோல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேதியியல் என்றால் என்ன? "போன வருடம் சொல்லிக் கொடுத்தது தவறு என்று ஒவ்வொரு வருடமும் சொல்லும் பாடம்" என்கிறாள் மகள். ஒன்பதாம் வகுப்பில் அணுக்கருவைச் சுற்றி வட்டங்கள் போட்டு, அவற்றின் மேல் எலக்ட்ரான்களைப் புள்ளி வைத்தாளாம். வட்டம் கோணலாகப் போனதற்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புக்குப் போனால், எலக்ட்ரான் அப்படி வட்டப் பாதையில் சுற்றுவதே இல்லை, அது எங்கே இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும், அதற்குப் பெயர் ஆர்பிட்டால் என்கிறார்கள். "அப்படியென்றால் அந்த அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தருவார்களா அப்பா?"

நியாயமான கேள்வி. நீல்ஸ் போர் அந்த வட்டப் பாதைகளை முன்வைத்தது 1913இல். ஹைட்ரஜனுக்கு அது அழகாகப் பொருந்தியது. ஹீலியத்துக்கு வந்ததும் தடுமாறியது. 1926இல் ஷ்ரோடிங்கர், எலக்ட்ரானை அலையாகக் கொள்ளும் தன் சமன்பாட்டை வெளியிட்டார். பதின்மூன்றே ஆண்டுகளில் விஞ்ஞானிகளே வட்டத்தை அழித்துவிட்டு வேறு படம் வரைந்துவிட்டார்கள். இதைவிட விறுவிறுப்பான கதை வேதியியல் புத்தகத்தில் இருக்கிறதா? "இந்த வட்டம் முழு உண்மை இல்லை, ஆனால் இப்போதைக்கு உதவும்" என்று ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அறிவியல் எப்படி நடக்கிறது என்பதே அவளுக்குப் புரிந்திருக்கும். சொல்லாததால் தான் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறாள். கணக்கிலும் இதே கதைதான் அவளுக்குக் காத்திருக்கிறது. குறை எண்ணுக்கு மெய்யான வர்க்கமூலம் இல்லை என்று பத்தாம் வகுப்பில் கதவைச் சாத்திவிட்டு, அந்த இல்லாத ஒன்றை வைத்தே பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் என்று முழுதாக ஓர் அத்தியாயம் நடத்துவார்கள்.

தமிழுக்கு வருவோம். "இலக்கிய நயம் பாராட்டுக என்று கேள்வி கேட்கிறார்கள். பாராட்டாமல் இருக்க எனக்கு உரிமை இல்லையா?" இது அக்கா மகன். எந்தப் பாடலைக் கொடுத்தாலும் பொருந்தும்படி ஒரு விடையை அவன் தயாராக வைத்திருக்கிறான். மையக் கருத்து ஒன்று, மோனை ஒன்று, எதுகை ஒன்று, இயைபு இருந்தால் இயைபு, "கவிஞர் கற்பனைச் சிறகை விரிக்கிறார்" என்று ஒரு வரி. பாடலைப் படிக்கவே வேண்டாம் என்கிறான். முழு மதிப்பெண்ணும் வருகிறது. தமிழில் அவனுக்கு மனதாரப் பிடித்த ஒரே பகுதி அலகிடுதல். குறளைச் சீர் சீராகப் பிரித்து, தேமா புளிமா என்று வாய்பாடு போட்டு, கடைசிச் சீரில் நாள், மலர், காசு, பிறப்பு என்று முடிப்பதில் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம். விடை சரியா தவறா என்று அவனுக்கே தெரிந்துவிடுகிறது. திருத்துபவரின் மனநிலையைப் பொறுத்தது இல்லை. பாடலைப் பற்றிச் சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லப் பிள்ளைக்கு இடம் கொடுக்காவிட்டால் அவன் வாய்பாட்டைத்தான் காதலிப்பான். தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வரலாற்றில் கேலிக்கென்றே பிறந்தவர் அசோகர். சாலையோரம் மரம் நட்டார் என்ற ஒரு வரியை வைத்துத் தலைமுறை தலைமுறையாக நாம் சிரித்திருக்கிறோம். இதில் வேடிக்கை, அந்த வரி அசோகரே வெட்டி வைத்தது. இன்று டெல்லி பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் தூணில் இருக்கிறது. ஆலமரம் நட்டேன், மாந்தோப்பு வைத்தேன், கிணறு வெட்டினேன் என்று அடுக்கிவிட்டு, இவையெல்லாம் அற்பம், முந்தைய மன்னர்களும் செய்தவைதான், மக்கள் தம்மத்தை, அதாவது அறநெறியை, கடைப்பிடிக்க வேண்டும் என்பதற்காகவே இவற்றைச் செய்தேன் என்கிறார். அவர் பெரிதில்லை என்று ஒதுக்கிய ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நாம் மதிப்பெண் வாங்கியிருக்கிறோம்! பதினான்காம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் அந்தத் தூணை இன்றைய ஹரியானாவில் உள்ள தோப்ராவிலிருந்து யமுனையில் படகேற்றிக் கொண்டுவந்தார். அதன் எழுத்தை வாசிக்க அன்று யாராலும் முடியவில்லை. 1837இல்தான் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய அறிஞர் வாசித்தார். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு மரத்துக்கு வந்தால் வகுப்பில் ஒருவனாவது தூங்குவானா?

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விடுப்புக் கடிதம் எழுதும் தமிழ்நாட்டு மாணவனுக்குக் காய்ச்சலைத் தவிர வேறு நோய் வந்ததே இல்லை; வயிற்றுப்போக்குக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. நீதிபோதனை கால அட்டவணையில் மட்டும் வாழ்கிறது. ஓவியமும் ஏறக்குறைய அப்படியே. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிப்போகிறார், திருப்பித் தருவதே இல்லை. கூட்டு வட்டி நடத்துகிறவர் வட்டியில்லாக் கடன் வாங்கலாமா என்று அக்கா மகன் கேட்கிறான்.

பட்டப்பெயர்கள் விஷயத்தில் எனக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. ஓயாமல் வாய்பாடு கேட்பவருக்குத் 'தேமா' என்று பெயர் வைப்பது ரசனை. ஒருவரின் நிறத்தையோ நடையையோ வைத்துப் பெயர் சூட்டுவது ஈனம். வீட்டில் அதைக் கேட்டால் நான் சும்மா விடுவதில்லை. ஆனால் எதிர்த்திசையிலிருந்து வருவதை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை? "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பதை எங்கள் காலத்து ஆசிரியர் ஒருவர் தினமும் சொல்வார். அந்த வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் மாடுதான் சோறு போட்டது. ஆசிரியரைப் பார்த்துச் சிரித்த மாணவன் பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டும். மாணவனின் அப்பாவைப் பார்த்துச் சிரித்த ஆசிரியருக்கு ஒன்றுமில்லை.

ஆகவே ஒரு யோசனை. ஆண்டு இறுதியில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, பாடங்களைப் பற்றித் தோன்றியதைப் பெயர் போடாமல் எழுதச் சொல்லலாம். கையெழுத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடும் வித்தை எல்லா ஆசிரியர்களிடமும் இருப்பதால், வேறு பள்ளியில் வைத்துப் படிக்கட்டும். எழுதுவதற்கு ஒரு பீரியட் போதும். தயவுசெய்து அது பி.டி. பீரியடாக இருக்க வேண்டாம். கணக்கு பீரியடை எடுத்துக்கொள்ளுங்கள், பழைய பாக்கி நிறைய இருக்கிறது.