பூஜ்யம் வாங்கிய அணி

நம் சாரணர் முகாமின் நிறைவு அணிவகுப்பில் நடந்ததை இங்கே இருக்கும் பெரும்பாலோர் அறிவீர்கள், வீடியோவும் வந்திருக்கும். நடைபயணக் குறிப்பேட்டைக் காகிதத்தில் எழுதாமல், கைப்பேசியில் குரலாகப் பதிந்து, நடந்த வழியையும் அதிலேயே வரைபடமாகச் சேமித்துக் கொடுத்த அணிக்குப் பூஜ்யம். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்களா? இல்லை. எல்லாக் குழுக்களும் வரிசையில் நிற்க, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அன்றிரவே வாட்சாப்பில் ஒரு பெரியவரின் உபதேசம்: இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை, ஒழுக்கம் இல்லை, அதனால்தான் சாரணர் இயக்கத்தில் நிலைப்பதில்லை என்று. அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள்.

அந்த அணி கொடுத்த குரல்பதிவை உங்களில் யாராவது கேட்டீர்களா? நான் முழுவதும் கேட்டேன். டிராக்கன்ஸ்பர்க் மலையில் மூடுபனி இறங்குகிறது. அணித்தலைவி எல்லோரையும் நிறுத்திப் பெயர் சொல்லி அழைத்துச் சரிபார்க்கிறாள். கடைசிப் பையனுக்குக் குதிகாலில் கொப்புளம்; அவன் மூட்டையை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, கடக்கலாமா என்று வாக்குவாதம். ஒருவன் கோபித்துக்கொள்கிறான். இன்னொருத்தி அவனைச் சமாதானப்படுத்துகிறாள். கடைசியில் சுற்றுவழியில் போக முடிவு செய்கிறார்கள். இதைவிட நல்ல குறிப்பேட்டை என் சாரணர் வாழ்க்கையில் நான் படித்ததில்லை. இதற்குத்தான் பூஜ்யம். காரணம், நீல மையில் எழுதவில்லை.

பிள்ளைகள் இயக்கத்தை விட்டு ஓடவில்லை, ஐயா. செய்வதற்கு உண்மையான வேலை எதுவும் இல்லாத இடத்தில் உட்கார மறுக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

காகிதத்தில் எழுதுவதுதான் "நிறுவனர் காலத்து மரபு" என்கிறீர்கள். சரி, நிறுவனர் காலத்துக்கே போவோம். வேறெங்கும் போகவேண்டாம், நம் தென்னாப்பிரிக்காவிலேயே இருக்கிறது. 1899-1900 மாஃபெக்கிங் முற்றுகை: போயர் போரில் நிறுவனர் பேடன்-பவல் காத்து நின்ற ஊர். அங்கே செய்தி கொண்டு போன பையன்கள் முதலில் கழுதைமேல் போனார்கள், பிறகு சைக்கிளுக்கு மாறினார்கள். முற்றுகைக்குள் அச்சிட்ட அஞ்சல்தலையில் சைக்கிளோடு இருப்பது அந்தப் பையன்களின் சார்ஜண்ட் மேஜர் வார்னர் குட்இயர். அன்றைக்குச் சைக்கிள் புதுச்சாதனம். "கழுதையில் போகாத இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை" என்று பேடன்-பவல் பையன்களுக்குப் பூஜ்யம் போட்டாரா என்ன?

1908இல் சாரணியம் பற்றிய அவருடைய புத்தகம் தவணை தவணையாக வெளிவந்தபோது, வாங்கிப் படித்த பையன்கள் தாங்களே அணி சேர்ந்துகொண்டார்கள். பெரியவர்களைத் தேடிப் பிடித்து "எங்களுக்குத் தலைவராக இருங்கள்" என்று கேட்டவர்களும் அவர்களே. சங்கமும் சட்டதிட்டமும் மதிப்பெண் பட்டியலும் பிறகு வந்தவை. பிள்ளைகள் தொடங்கிய இயக்கத்தில் பிள்ளைகளுக்கு இடம் கொடுப்பதை நாம் "நவீனமயம்" என்கிறோம். வேடிக்கைதான்.

மரபு என்று பேசும்போது இன்னொன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. என் தகப்பனார் இந்தியர் பிரிவுச் சாரணர். இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: 1936 ஏற்பாட்டின்படி இந்த நாட்டில் வெள்ளையருக்கு ஒன்று, ஆப்பிரிக்கருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று என நான்கு சாரணர் பிரிவுகள் இருந்தன. அதற்கு முன்னால் ஆப்பிரிக்கப் பிள்ளைகளைச் 'சாரணர்' என்று அழைக்கக்கூட இடமில்லை. 'பாத்ஃபைண்டர்' என்று வேறு பெயர். எல்லோருக்கும் அதே உறுதிமொழி, அதே மூன்று விரல் வணக்கம், ஒவ்வொரு சாரணனும் மற்றச் சாரணனுக்குச் சகோதரன் என்ற அதே விதி. ஆனால் முகாம் வேறு. அப்பா தன் கழுத்துத்துணியைத் தானே இஸ்திரி போடுவார், அம்மாவைத் தொடவிடமாட்டார். அத்தனை பிரியம். அந்தப் பிரியத்தோடுதான், கரும்புத் தோட்டத்து ஓரத்தில், கடன் வாங்கிய கூடாரத்தில் முகாம் போட்டார்கள். 1977இல்தான் பிரிவுகள் ஒன்றாயின. அன்றைக்கும் "இது நம் மரபு, மாற்றாதீர்கள்" என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால், ஒலிபெருக்கி பிடித்த அந்த ஐயா எந்த மைதானத்தில் நின்று பூஜ்யம் வாசித்திருப்பார்?

இப்போது வருவார்கள்: "அப்படியானால் முடிச்சே வேண்டாமா? தீ மூட்டவே வேண்டாமா?" நான் எப்போது வேண்டாம் என்றேன்? ஆளை மீட்க உதவும் போலைன் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரியாதவனை நான் ஆற்றங்கரைப் பக்கமே விடமாட்டேன். எதற்கென்று தெரிந்தால் பிள்ளைகள் முடிச்சை விரும்பிக் கற்கிறார்கள். பலகையில் ஒட்டிய கயிற்றுத் துண்டைப் பார்த்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே நான்கு முடிச்சைப் போட்டுக் காட்டு என்றால் யாருக்குத்தான் சலிக்காது? எனக்கே சலிக்கிறது.

"மின்கலம் தீர்ந்தால் என்ன செய்வார்கள்?" காகித வரைபடமும் திசைகாட்டியும் அவர்கள் பையில் இருந்தன. கேட்டிருந்தால் எடுத்துக் காட்டியிருப்பார்கள். "டேட்டா செலவு?" அணிக்கு ஒரு கைப்பேசி போதும். "இணையத்தில் ஆபத்து?" நியாயம், அதற்கு விதிகள் இருக்கின்றன, பின்பற்றுவோம். "கைப்பேசியைக் கொடுத்தால் விளையாடுவார்கள்." விளையாடட்டுமே! பெரியவர்கள் கூட்டத்தில் மேசைக்கு அடியில் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

2022 ஏப்ரல் வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? குவாசூலு-நட்டாலில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டொங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி எப்போது வருகிறது, எந்த வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு வாளி தூக்க ஆள் வேண்டும் என்று கைப்பேசியில் பட்டியல் போட்டு நடத்தியவர்கள் யார்? இந்தப் பிள்ளைகளின் அண்ணன் அக்காமார். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை, தாங்களாகவே செய்தார்கள். அதற்காக ஒரு பேட்ஜ் கொடுக்கலாமா என்று நான் கேட்டபோது வந்த பதில்: "பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை." ஊருக்குத் தண்ணீர் கொடுத்ததற்கு இடமில்லை! ஆனால் தட்டு துடைக்கும் துணியைச் சரியாக மடித்ததற்கு முகாமில் மதிப்பெண் உண்டு. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட இன்று குழுவில் இல்லை. பொறுமை இல்லாதவர்களாம்.

வீட்டைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டதாகப் பேசுகிறோம். சாவி மட்டும் நம் இடுப்பில். பிள்ளைகளே முடிவெடுக்கவேண்டிய அணித்தலைவர் மன்றம் என்று ஒன்று நடத்துகிறோம் அல்லவா? முகாம் எங்கே, எப்போது, என்ன சமையல் என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அவர்கள் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. தவறாக முடிவு செய்து மழையில் நனையக்கூட நாம் அவர்களை விடுவதில்லை.

இந்த வேதனை எனக்குப் புதிதல்ல. நம் தமிழ் வகுப்புகளுக்கு என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். ஆத்திச்சூடியை ஒப்பிக்கத் தெரியவில்லை என்று சபையில் நிற்கவைத்துச் சிரித்தார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. "தமிழ்ப் பற்று இல்லாத தலைமுறை" என்று பெரியவர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். ஆங்கிலத்தில். என் மகள் அந்த வகுப்பில் இருந்தவள். இன்றைக்குக் காவடிக்குக் கோவிலுக்கு வந்தாலும், யாராவது தமிழில் பேசினால் என் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறாள். அதற்கு அவளையா குறை சொல்வேன்?

அதனால்தான் அந்த ஒலிபெருக்கிச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. வரிசையில் நின்ற அணித்தலைவியின் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. ஒலிபெருக்கியும் இருக்கும். அதில் அந்தப் பதிவை முழுவதுமாக ஒலிக்கவிடப்போகிறேன். அந்த அணியிடம் அனுமதி கேட்டுவிட்டேன். கேட்டு முடித்த பிறகு மதிப்பெண்ணைத் திருத்துங்கள், அதே ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். அதுவரை "எங்கள் காலத்தில்" என்று தொடங்கும் பின்னூட்டங்களுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.