பயம் சரிதான், பயப்படும் இடம்தான் தப்பு

மாசுபட்ட நிலத்தடி நீரைச் சுத்தம் செய்ய பாக்டீரியாவை உள்ளே இறக்கப் போகிறார்கள் என்றதும், "அது பெருகிப் பரவினால் என்ன ஆகும்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குப் பயம் வேறு இடத்தில்.

உலோகப் பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீனை எடுத்துக்கொள்வோம். அதை முழுசாகச் சிதைப்பது டிஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியா. 1997-இல்தான் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். ஆக்சிஜன் பட்டால் தாங்காது. குளோரின் ஏறிய இத்தகைய சேர்மங்களை வைத்துத்தான் அதற்குச் சுவாசமே. அவை தீர்ந்தால் அதன் எண்ணிக்கையும் சரிந்துவிடும். இதுவா ஊரை அழிக்கப் போகிறது?

சிக்கல் பாதி வேலையில் இருக்கிறது. டிரைகுளோரோஎத்திலீனில் மூன்று குளோரின். ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் தீங்கு குறைந்த எத்திலீன் ஆக வேண்டும். அதற்கு முந்தைய படி வினைல் குளோரைடு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. அமெரிக்காவில் குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீனுக்கு வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். வினைல் குளோரைடுக்கு 2. இந்தக் கடைசிப் படியைத் தாண்டும் திறன் எல்லா ரகங்களுக்கும் இல்லை. அங்கேயே நின்றுபோனால் நோயை விட மருந்து மோசம்.

அப்புறம் தீனி. பாக்டீரியா வளர வெல்லப்பாகு, தாவர எண்ணெய் என்று எதையாவது நிலத்துக்குள் செலுத்துவார்கள். அதைத் தின்று மற்ற நுண்ணுயிர்களும் பெருகி, இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கரையும். அதில் ஒட்டிக்கிடந்த ஆர்செனிக் தண்ணீருக்கு வரும். மீத்தேனும் உண்டாகலாம். கொஞ்ச தூரம் போய் ஆக்சிஜன் உள்ள நீரைச் சந்தித்தால் ஆர்செனிக் பெரும்பாலும் மறுபடி மண்ணில் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் நடுவில் ஒரு குடிநீர்க் கிணறு இருந்தால்?

இத்தனைக்கும் நான் இந்த முறைக்கு எதிரி இல்லை. நீரை வெளியே இறைத்துச் சுத்திகரிக்கும் பழைய வழி பல பத்தாண்டுகள் இழுக்கும், மின்சாரம் தின்னும், அப்படியும் மிச்சம் இருக்கும். ஆனால் "டிரைகுளோரோஎத்திலீன் குறைந்துவிட்டது" என்று ஒற்றை வரைபடத்தைக் காட்டும் அறிக்கையை நம்பமாட்டேன். வினைல் குளோரைடு, எத்திலீன், ஆர்செனிக், மீத்தேன் நான்கும் அதே தாளில் வேண்டும். வேலை தொடங்கும் முன் எடுத்த அளவும் பக்கத்திலேயே வேண்டும். எத்திலீன் கொஞ்சமும் ஏறாமல் டிரைகுளோரோஎத்திலீன் மட்டும் இறங்கியிருந்தால், அது நடுவழியில் நின்றிருக்கலாம், நீர்த்துப்போயிருக்கலாம், இல்லை அடுத்த கிணற்றுப் பக்கம் நகர்ந்திருக்கலாம்.