சோலைக்கிளியும் திமிங்கலமும்

கொடைக்கானலில் சீசன் நெருங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கவலை தொற்றிக்கொள்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் வண்டிகள் வரிசைகட்டி மலையேறுகின்றன; அதே மாதங்களில்தான் சோலைக்கிளி துணை தேடிப் பாடுகிறது. பெயரில் கிளி இருந்தாலும் இது கிளியினம் அன்று. மலையாளத்தில் கிளி என்றாலே பறவைதான். முதுகு கருநீலம், வயிறு வெள்ளை, உடல் ஒரு சாண்கூட இராது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலை போன்ற உயர்ந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. நீலகிரியில் இருப்பது இதன் நெருங்கிய உறவான தனி இனம்.

சென்ற மே மாதம் ஒரு விடியற்காலையில், பாசி படிந்து விழுந்து கிடந்த மரத்தின்மேல் ஒன்று அமர்ந்து பாடுவதைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு சீழ்க்கைக்கும் தொண்டை இறகுகள் புடைத்து அடங்கின. சாலையிலிருந்து ஏர்ஹாரன் ஒன்று அலறியதும் பாட்டு பாதியில் நின்றது. வெகுநேரம் காத்திருந்தும் அது மறுபடி தொடங்கவில்லை.

அன்று முதல் இந்தப் பறவையைக் கூன்முதுகுத் திமிங்கலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஏறத்தாழ 15 மீட்டர் நீளமும் சுமார் 30 டன் எடையும் உள்ள அந்த விலங்கில் ஆண்தான் பாடும். பெரும்பாலும் தலைகீழாக, அசையாமல் நீரில் தொங்கியபடி, மணிக்கணக்கில் பாடும். பறவைக்குக் குரல் பிறப்பது மூச்சுக்குழல் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில். திமிங்கலமோ காற்றை வெளியே விடாமலேயே குரல்வளையால் பாடுகிறது. நீரில் ஒலி காற்றில் தேய்வதைப்போல எளிதில் தேய்ந்துவிடாததால் அதன் பாட்டு பல கிலோமீட்டர் செல்லும். சோலைக்கிளியின் பாட்டையோ புதரும் மரமும் விரைவில் விழுங்கிவிடும். ஆனால் இரண்டுமே தம் இனத்தாரின் பாட்டைக் கேட்டுக் கற்றுக்கொள்பவை. திமிங்கலப் பாட்டு ஆண்டுதோறும் மாறிக்கொண்டே ஒரு கூட்டத்திடமிருந்து அடுத்த கூட்டத்துக்குப் பரவுகிறது. சோலைக்கிளியின் பாட்டு மலைத்தொடருக்கு மலைத்தொடர் வேறுபடுகிறது.

உருவம் பெரிது என்பதால்தான் உலகம் திமிங்கலத்துக்காக இரங்கியது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பேருடலில் கிடைத்த எண்ணெய்க்காகத்தானே அதைக் கொன்று குவித்தார்கள்? 1970இல் ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க உயிரியலாளர் அதன் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்ட பிறகே லட்சக்கணக்கானோர் அதை வீட்டிலிருந்தபடி கேட்டார்கள், எதிர்ப்பு வலுத்தது, 1986இல் வணிக வேட்டைக்கான தடை நடைமுறைக்கு வந்தது. காது கொடுத்துக் கேட்டதால் வந்த மாற்றம் அது. எங்கள் பாடகனுக்கு அந்தக் காதுகள் இன்னும் கிடைக்கவில்லை. சீகை எனும் வாட்டில் மரத்தையும் தைலமரத்தையும் நட்ட காலம் முதல், இந்தப் பறவை வாழும் மலைக்காடுகளான சோலைகள் துண்டுபட்டுக் கிடக்கின்றன. மிஞ்சிய துண்டுகளிலும் பாட்டைவிட ஹாரன் சத்தமே ஓங்கி ஒலிக்கிறது.

2024 மே மாதம் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற முன்பதிவு அனுமதி வந்தபோது எத்தனை வண்டிகள் ஏறலாம் என்று நிறையப் பேசினோம். சோலையோரச் சாலைகளில் விடியற்காலையிலும் அந்தியிலும் ஹாரன் அடிக்கக் கூடாது என்பதையும் அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும். விடுதி நடத்தும் நண்பர்கள் தங்கள் விருந்தினரிடம், சோலைப் பக்கம் ஸ்பீக்கரைக் கொண்டுபோக வேண்டாம் என்று இந்த சீசனிலிருந்தே சொல்லத் தொடங்கலாம்.