‘குண்டு மரபணு’ இருந்தால் எடை குறையவே குறையாதா?

“எஃப்டிஓ என்ற மரபணு உடலில் இருந்தால் பட்டினி கிடந்தாலும் எடை குறையாது, விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

முதலில், எஃப்டிஓ மரபணு எல்லோருக்கும் உண்டு. அதன் ஒரு வகைதான் எடையோடு தொடர்புடையது. 2007-இல் ஐரோப்பிய வம்சாவளியினர் சுமார் 39,000 பேரை ஆராய்ந்தபோது, தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த வகையைப் பெற்றவர்கள் அதை இருவரிடமிருந்தும் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். அவ்வளவுதான். முப்பது கிலோ இல்லை! நீரிழிவு அபாயமும் கூடியது, ஆனால் அந்தக் கூடுதல் எடை வழியாகத்தான்.

சரி, எடை குறையாதா? குறையும். 2016-இல் பல ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்ததில், உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்து எதுவானாலும் இந்த வகை உள்ளவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே எடை குறைந்தது. உடலுழைப்பு இருந்தால் மரபணுவின் தாக்கமே கணிசமாகத் தணிகிறது என்பது 2011-லேயே தெரிந்ததுதான்.

ஒற்றை மரபணுக் கோளாறே கடும் உடல்பருமனைத் தருவதும் உண்டு, மிக அரிதாக. பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் சுரக்காத இரு குழந்தைகளைக் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மருத்துவ ஆய்வாளர் ஸ்டீபன் ஓ'ராஹிலி குழு 1997-இல் கண்டறிந்தது. அப்புறம் லெப்டின் ஊசி போட்டதும் பசி அடங்கி எடை இறங்கியது. அங்கேயும்கூட ‘குறையவே குறையாது’ என்பது பொய்த்துப்போனது.